ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டூரிங் பைக்: ஒரு பெரிய சர்வீஸ் திட்டமான விதம்

முதலில் வண்டியின் விவரம். 1300 சிசி வகுப்பு, குறுக்கு வாக்கில் நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு நான்கு வால்வு, கூலன்ட் ஓடும் இன்ஜின், செயினுக்குப் பதில் ஷாஃப்ட் டிரைவ், ஏபிஎஸ். இரு பக்கமும் பெட்டி, பின்னால் டாப் பாக்ஸ். மீட்டரில் 1,58,000 கி.மீ.; வயது பதினாறு. இப்போதைய உரிமையாளர் மூன்றாவது ஆள். ஆயிலையும் டயரையும் ஒழுங்காக மாற்றி வந்திருக்கிறார். அதைத் தாண்டி அவரிடம் இருந்தது முந்தையவர் கொடுத்த ஒரு நோட்டு. அதில் 80,000 கி.மீ. அருகில் "வால்வு செக்" என்று ஒரு வரி. எந்த வால்வுக்கும் அதைத் திறக்கும் கேமுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்தது, அதைச் சரிசெய்ய எந்த ஷிம் (சிறு வட்டத் தகடு) போடப்பட்டது என்று ஒன்றும் இல்லை.

நெடும்பயணம் ஒன்று முன்னால் இருந்தது. அதற்குள் "எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துடணும்" என்பது அவர் எண்ணம். முப்பதுக்கும் மேற்பட்ட வேலைகளைப் பட்டியல் போட்டிருந்தார். கையேட்டில் எந்த கிலோமீட்டரில் எது வருகிறதோ அந்த வரிசையிலேயே பட்டியலும் இருந்தது. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. கையேட்டு அட்டவணை புது வண்டிக்காக எழுதப்பட்டது. சில பத்தாயிரம் கிலோமீட்டர் வரை கட்டம் கட்டிக் காட்டிவிட்டு, பிறகு "இதே இடைவெளியில் தொடர்க" என்று முடித்துக்கொள்ளும். பின் சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்ஆர்மின் பேரிங்குக்கு 50,000 கி.மீ.க்கு ஒருமுறை கிரீஸ் என்று சில கையேடுகளில் இருக்கும். அதை யாராவது செய்தார்களா என்று வண்டியைப் பிரித்தால்தான் தெரியும். பழைய வண்டிக்கு அட்டவணையை விட அதன் வரலாறுதான் முக்கியம். அந்த வரலாறு இந்த வண்டிக்கு அரைகுறை.

பட்டியலில் இன்னொரு குறையும் இருந்தது. பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டிய வேலைகள் நான்கு இடங்களில் சிதறிக் கிடந்தன: டயர், ஸ்ப்ளைன் கிரீஸ், சக்கர பேரிங், லிங்கேஜ். டேங்கைத் தூக்க வேண்டிய வேலைகள் ஐந்து. வரிசைப்படி போனால் ஒரே போல்ட்டை நாலு தடவை கழற்றி நாலு தடவை மாட்ட வேண்டும். பதினாறு வயது அலுமினிய மரைகள் அதைப் பொறுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. ஆகவே "எப்போது செய்யணும்" என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, "எதைக் கழற்றினால் எதெல்லாம் கைக்கு எட்டும்" என்று பட்டியலை மறுபடி அடுக்கினோம். இந்த ஆய்வில் நான் சொல்ல வருவதும் பெரும்பாலும் அதுதான்.

பிரிப்பதற்கு முன்

ஸ்பேனரை எடுக்கும் முன்பே வண்டியிடம் கேட்க வேண்டியவை நிறைய இருந்தன. வண்டிக்காரர் சொன்ன குறைகள் ஐந்து. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒன்றிரண்டு நொடி இன்ஜினின் ஒரு பக்கத்தில் கடகடவென்று சத்தம். ஐடிலில் லேசான தடுமாற்றம். பெட்டி நிறைய சாமானோடு வேகமான வளைவில் போனால் வண்டி மெதுவாக அலைகிறது. மிகக் குறைந்த வேகத்தில் ஹேண்டில் நேராகவே நிற்கப் பார்க்கிறது. கூடுதல் விளக்கும் சூடாகும் கைப்பிடியும் ஒன்றாகப் போட்டால் பேட்டரி தளர்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் இன்ஜினின் அடிப்படை நலம். பிஸ்டன் மோதிரமோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருந்தால் இந்தத் திட்டத்துக்கே பொருள் இல்லை. வேறு இன்ஜின் தேடுவதா, வண்டியை விடுவதா என்றுதான் பேச வேண்டும். அதனால் கம்ப்ரஷன் டெஸ்டோடு நிற்காமல் லீக்-டவுன் டெஸ்டும் செய்தோம். கம்ப்ரஷன் டெஸ்ட் ஒரு சிலிண்டர் பலவீனம் என்று மட்டும் சொல்லும். லீக்-டவுன் எங்கே ஒழுகுகிறது என்பதையும் சொல்லும். சூடான இன்ஜினில் பிஸ்டனை அழுத்த முடிவில் மேலே நிறுத்தி, பிளக் துளை வழியே காற்றைச் செலுத்தி, எவ்வளவு சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. காது வைத்துக் கேட்டால் பாதை தெரிந்துவிடும்: சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் மோதிரம், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

மூன்று சிலிண்டர்கள் 10 சதவீதத்துக்குள் இருந்தன. இந்த ஓட்டத்துக்கு அது நல்ல எண். மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 14. சீறல் சைலன்சர் வழியாக. மோதிரங்கள் நலம், எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று முழுதாக உட்காரவில்லை. ஐடில் தடுமாற்றத்துக்கு அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. வால்வு வேலை பட்டியலின் நடுவிலிருந்து மேலே வந்ததும் அப்போதுதான்.

மின்சாரப் பக்கத்தில் வண்டிக்காரர் பேட்டரி, அதற்குப் போகும் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், மின்சாரம் உற்பத்தி செய்யும் ஸ்டேட்டர் மூன்றையும் வாங்கத் தயாராக இருந்தார். அளந்து பார்த்தோம். 5000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனையில் 13.2 வோல்ட். 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் எங்காவது இருந்திருக்க வேண்டும். ஆனால் ஸ்டேட்டரின் மூன்று கம்பிகளுக்கு இடையே மின்தடை சமமாக இருந்தது. எந்தக் கம்பிக்கும் பாடியோடு தொடர்பு இல்லை. மூன்று கட்டத்திலும் ஏசி வோல்ட்டேஜ் ஒன்றுபோல ஏறியது. அப்படியென்றால் உற்பத்தி நடக்கிறது, வழியில் எங்கோ தொலைகிறது. ரெகுலேட்டரின் பாசிட்டிவ் முனையிலிருந்து பேட்டரி பாசிட்டிவ் வரை, இன்ஜின் ஓடும்போதே மீட்டரை வைத்ததில் 0.6 வோல்ட் இழப்பு. நல்ல ஒயரிங்கில் இது 0.2-ஐத் தாண்டக் கூடாது. கனெக்டரைப் பிரித்தால் உள்ளே ஒரு முனை பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகத் தொடங்கியிருந்தது. பட்டியலிலிருந்து ஸ்டேட்டரையும் ரெகுலேட்டரையும் அடித்தோம். கனெக்டரை மாற்றி, எர்த் முனைகளைச் சுரண்டி இறுக்குவது என்று எழுதினோம். பேட்டரி லோடு டெஸ்டில் தேறிவிட்டது.

வளைவில் அலைவது பற்றி. வண்டிக்காரர் டயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். டயர் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. பார்த்தால் அவ்வளவு பழசில்லை. வேகத்தில் பின்பக்கம் மெதுவாக, நொடிக்கு இரண்டு மூன்று தடவை என்ற கணக்கில் ஆடுவது வீவ். ஹேண்டில் மட்டும் படபடவென்று வேகமாக உதறினால் அது வாபிள். இவர் சொன்னது முதல் வகை. டாப் பாக்ஸில் கனம், பின் சஸ்பென்ஷனில் தளர்ச்சி, ஸ்விங்ஆர்மிலோ லிங்கேஜிலோ ஆட்டம், ஸ்டீரிங் பேரிங் என்று காரணங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். அளவெடுத்தோம். பின் சக்கரத்தின் மொத்த அசைவு 125 மி.மீ. ஓட்டுநரும் சாமானும் ஏறினால் அதில் மூன்றில் ஒரு பங்கு அமுங்குவது நியாயம். இங்கே ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை) முழுக்கத் திருகியும் 52 மி.மீ. அமுங்கியது. வாலை அமுக்கி விட்டால் ஒரு தடவையில் நிற்காமல் மறுபடி எழும்பியது. ஷாக் அப்சார்பர் போய்விட்டது. மெல்ல மெல்லப் போவதால் தினமும் ஓட்டுகிறவருக்கு இது தெரிவதே இல்லை. வேறு யாராவது ஏறி ஒரு சுற்றுப் போய் வந்தால் உடனே தெரியும்.

முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பியதில், நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றது. ஸ்டீரிங் பேரிங்கின் ரேஸில் நேர்வாக்கில் குழி விழுந்திருக்கிறது. நான்காவது குறைக்கு விடை.

திட்டத்தின் வடிவம்

பட்டியல் மூன்று கட்டமாகச் சுருங்கியது: பின்பகுதி, இன்ஜின் மேல்பகுதி, முன்பகுதி. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் வண்டி ஓடும் நிலைக்கு வர வேண்டும், கொஞ்ச தூரம் ஓட வேண்டும், பிறகுதான் அடுத்தது. மொத்தமாகப் பிரித்துப் போட்டு ஒரே மூச்சில் மாட்டுகிறவர்கள் உண்டு, நேரம் மிச்சமாகும். ஆனால் மாட்டிய பிறகு புதிதாக ஒரு சத்தம் கேட்டால் அது எந்த வேலையிலிருந்து வருகிறது என்று தேட முப்பது இடம் இருக்கும். கட்டம் கட்டமாகப் போனால் கடைசியாகத் தொட்ட இடத்தைத்தான் பார்க்க வேண்டும். கடைசிக் கட்டத்துக்கும் பயணத்துக்கும் இடையில் குறைந்தது ஆயிரம் கிலோமீட்டராவது பழகிய சாலையில் ஓட வேண்டும் என்பதையும் முதலிலேயே எழுதி வைத்தோம்.

பின்பகுதியை முதலில் வைத்ததற்குக் காரணம், அதில் தெரியாதவை குறைவு, வாங்க வேண்டியவை தெளிவு. வால்வு வேலையில் எந்த ஷிம் தேவை என்று திறந்த பிறகுதான் தெரியும். அங்கே காத்திருப்பு நிச்சயம். அந்தக் காத்திருப்பில் வண்டியின் மற்ற பாகமும் பிரிந்து கிடக்கக் கூடாது.

பாகங்கள் வாங்குவதில் பெரியவற்றை யாரும் மறப்பதில்லை. வேலையை நிறுத்துவது சின்னச் சாமான்கள்தான்: ஒருமுறை நசுங்கினால் மறுபடி பயன்படாத காப்பர் வாஷர், ஓ-ரிங், பூட்டு நட், காட்டர் பின், ஹெட் கவரின் ரப்பர் கேஸ்கெட், அதன் போல்ட்டுக்கு அடியில் உட்காரும் ரப்பர் வாஷர். பாகங்களைப் பிரித்துக் காட்டும் படத்தை எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கை படப்போகும் ஒவ்வொரு எண்ணையும் குறித்தோம். பதினாறு வயது வண்டியில் சில பாகங்கள் உற்பத்தியே நின்றிருக்கும். அதைப் பிரிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது ஒன்று, ஹெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தெரிந்துகொள்வது வேறொன்று. பேரிங், ஆயில் சீல் போன்றவை பெரும்பாலும் பொது அளவுகள். மேலேயே எண் பொறித்திருக்கும், எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். கேஸ்கெட்டுக்கும் ரப்பருக்கும்தான் முன்யோசனை வேண்டும்.

பின்பகுதி

இங்கே கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது லிங்கேஜில். ஸ்விங்ஆர்மையும் ஷாக்கையும் இணைக்கும் அந்தச் சின்னக் கை சக்கரத்துக்கு அடியில், சாலை நீரும் மண்ணும் நேராக அடிக்கும் இடத்தில் இருக்கிறது. நீடில் பேரிங்குகளில் ஒன்று துருப்பிடித்து இறுகியே போயிருந்தது, இன்னொன்று பாதி. போல்ட் உள் காலரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துரு இளக்கும் எண்ணெயைப் பல நாள் முன்பிருந்தே விட்டு வைத்திருந்ததால், கொஞ்சம் சூடு காட்டியதும் அசைந்தது. அந்த முன்னேற்பாடு இல்லாவிட்டால் போல்ட்டை அறுத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். பிரஷர் வாஷரை இந்த இடத்தில் நெருங்கிப் பிடித்துக் கழுவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அழுக்கோடு கிரீஸும் போய்விடும், அதன் இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும்.

லிங்கேஜ் இறுகினால் ஷாக் சரியாக வேலை செய்யாது. இவ்வளவு நாள் பழுது ஷாக்கிலா லிங்கேஜிலா என்று கேட்டால் இரண்டிலும்தான். பேரிங் செட்டை மாற்றினோம். பழைய ஷாக் பிரித்துச் சீர்செய்ய முடியாத வகை. அதற்குப் பதிலாக, பின்னாளில் திறந்து ஆயிலும் சீலும் மாற்றக்கூடிய, சாமான் கனத்துக்கு ஏற்ற ஸ்பிரிங் உள்ள ஒன்று. ஸ்விங்ஆர்மின் முதன்மை பேரிங் ஆச்சரியமாக நன்றாகவே இருந்தது. கழுவி லித்தியம் கிரீஸ் வைத்து மாட்டியதோடு சரி.

ஷாஃப்ட் டிரைவ் என்றால் பராமரிப்பே வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. செயினுக்கு வேண்டிய அளவு வேண்டாம் என்பது மட்டும்தான் சரி. சக்கரத்தை ஃபைனல் டிரைவோடு இணைக்கும் ஸ்ப்ளைன் பற்கள் கிரீஸ் காய்ந்தால் ஒன்றையொன்று அரைத்துக்கொள்ளும். செந்நிறத் துருத் தூள் அதன் அடையாளம். இந்த வண்டியில் தூள் இருந்தது, ஆனால் பற்களின் தலை தட்டையாகவே இருந்தது. ஊசிபோலக் கூராகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். சுத்தமாகத் துடைத்து, மாலிப்டினம் டைசல்ஃபைடு அதிகமுள்ள பேஸ்ட் தடவினோம். சாதாரண கிரீஸ் அங்கே நெடுநாள் தங்காது. இனி டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்வது என்று முடிவு. சக்கரம் எப்படியும் கையில்தானே இருக்கிறது.

ஃபைனல் டிரைவ் ஆயிலை வடித்து, டிரெயின் போல்ட்டின் காந்தத்தைப் பார்த்தோம். சாம்பல் நிறக் களிம்பு இருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் தகடுத் துணுக்கு இருந்தால் பேரிங்கோ பல்லோ உடைகிறது. இங்கே களிம்பு மட்டும். புதிய ஜிஎல்-5 கியர் ஆயிலை ஊற்றி மூடினோம். யூ-ஜாயின்ட் எந்த இடத்திலும் தட்டாமல் சுழன்றது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்ததில் ஆட்டம் இல்லை.

மாட்டி ஓட்டிப் பார்த்தால் அலைவு ஏறக்குறைய மறைந்தது. ஹேண்டிலின் பிடிவாதம் அப்படியே இருந்தது. இரண்டும் வேறு வேறு நோய் என்று இப்படிப் பிரித்துச் செய்ததால் உறுதியானது.

இன்ஜின் மேல்பகுதி

வால்வு இடைவெளி சரிபார்க்கும் காலம் வண்டிக்கு வண்டி வெகுவாக மாறும். காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர்களில் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, ஆனால் சிலிண்டர் ஹெட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்குரூவைத் திருகினால் முடிந்தது. யமஹா எஃப்ஜேஆர் 1300-இல் 42,000 கி.மீ.; ஆனால் மேலே டேங்க், ஏர்பாக்ஸ் என்று பாதி வண்டியைக் கழற்ற வேண்டும். 1500 சிசி வரையிலான ஹோண்டா கோல்டு விங்குகளில் கேமை ஓட்டுவது டைமிங் பெல்ட். அங்கே ஆண்டுக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். 2001-இல் வந்த 1800-இல் அது செயினானது. ஆக, உங்கள் வண்டியின் பெரிய சர்வீஸ் எங்கே கனக்கும் என்பதை இந்த ஒரு கேள்வியே ஏறக்குறைய தீர்மானித்துவிடும்: கேமை எது ஓட்டுகிறது, வால்வை எது சரிசெய்கிறது?

நமது வண்டியில் செயின். வால்வின் தலையில் கவிழ்ந்திருக்கும் பக்கெட் என்ற சிறு கிண்ணத்துக்கு அடியில் ஷிம். அளப்பதற்கு ஹெட் கவரைத் திறந்தால் போதும். மாற்றுவதற்குக் கேம்ஷாஃப்ட்டையே தூக்க வேண்டும். இன்ஜின் இரவு முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வால்வின் கேம் மேடும் எதிர்ப்பக்கம் பார்க்கும்படி கிராங்கைத் திருப்பி, மெல்லிய இலைகள் கொண்ட ஃபீலர் கேஜால் அளந்து, பதினாறு வால்வையும் படம்போல வரைந்து எழுதிக்கொண்டோம். கொடுக்கப்பட்ட அளவு: இன்டேக் 0.15 முதல் 0.22 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.18 முதல் 0.25 மி.மீ.

இன்டேக் எல்லாம் அளவுக்குள், சில கீழ் விளிம்பில். எக்ஸாஸ்ட்டில் நான்கு இறுகியிருந்தன. அவற்றில் மூன்று 0.14, 0.15 என்று இருக்க, மூன்றாவது சிலிண்டரில் ஒன்றில் கேஜின் மிக மெல்லிய இலையும் நுழையவில்லை. இடைவெளியே இல்லை. லீக்-டவுன் காட்டிய சீறலின் பிறப்பிடம் அதுதான்.

ஓடஓட வால்வு இடைவெளி பெரிதாகும் என்று நினைக்கத் தோன்றும். இந்த வகை இன்ஜினில் பெரும்பாலும் நேர்மாறு. வால்வும் அது உட்காரும் சீட்டும் தேய்ந்து, வால்வு மெல்ல மேலே ஏறி, கேமை நெருங்கும். இடைவெளி அதிகமான வால்வு டிக்டிக் என்று சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ளும். இறுகிய வால்வு அமைதியாக இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வின் வெப்பம் வெளியேற முக்கிய வழி அது சீட்டில் அழுந்தி உட்காரும் நேரம்தான். உட்காரவிடாமல் செய்தால் எரிந்து போகும். "வால்வு சத்தமே இல்ல, சூப்பரா இருக்கு" என்று பழைய வண்டியைப் பாராட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

ஷிம் கணக்கு எளிது: புது ஷிம் = பழைய ஷிம் + அளந்த இடைவெளி − வேண்டிய இடைவெளி. பழையது 1.85, இடைவெளி 0.14, வேண்டியது 0.22 என்றால் 1.77. ஷிம்கள் 0.05 படிகளில் வருவதால் 1.80 அல்லது 1.75. முதலாவது போட்டால் இடைவெளி 0.19, இரண்டாவது போட்டால் 0.24. இரண்டும் அளவுக்குள்தான். இனியும் இறுகத்தான் போகிறது என்பதால் 1.75. பழைய ஷிம்மில் அச்சான எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளப்பது நல்லது; எண் அழிந்ததும் உண்டு, தேய்ந்ததும் உண்டு.

இடைவெளியே இல்லாத வால்வுக்கு இந்தக் கணக்கு உதவாது. பூஜ்யமா, பூஜ்யத்துக்கும் கீழா என்று தெரியாதே. அதற்கு மெல்லிய 1.65 ஷிம் ஒன்றைப் போட்டு, கேமை மாட்டி, மறுபடி அளந்தோம். 0.18 வந்தது. அதாவது பழைய 1.85-ஓடு இடைவெளி −0.02, வால்வு சீட்டை முழுதாகத் தொடவே இல்லை. 1.65 + 0.18 − 0.22 = 1.61. போட்டது 1.60. கழற்றிய ஷிம்களில் இரண்டு வேறு வால்வுகளுக்குப் பொருந்தியதால் வாங்க வேண்டியது குறைந்தது.

கேமைத் தூக்குவதில் கவனிக்க வேண்டியவை: செயின் ஓடும் குழிக்குள் ஷிம்மோ போல்ட்டோ விழாமல் துணி அடைப்பது, செயினையும் பல்சக்கரத்தையும் சேர்த்துக் குறியிடுவது, கேம் கேப்புகள் ஹெட்டோடு சேர்த்துக் கடைந்தவை என்பதால் இடம் மாறாமல் வரிசையில் வைப்பது, அவற்றின் போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றித் தளர்த்துவதும் இறுக்குவதும். இறுக்கும் விசை மிகக் குறைவு, 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். பெரிய டார்க் ரெஞ்சில் அந்த எண் சரியாக வராது. சின்ன ரெஞ்ச் வேண்டும். மாட்டிய பின் ஸ்டார்ட்டரைத் தொடும் முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்ப வேண்டும். எங்காவது தட்டினால் கையில் தெரியும், ஸ்டார்ட்டருக்குத் தெரியாது.

கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இந்த வேலையில் எப்படியும் வெளியே வரும். காலைக் கடகடப்புக்கு அதுதான் காரணம்: உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, செயின் ஒரு கணம் தொய்கிறது. செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதக்கூடும். புதியது போட்டோம். செயினின் நீட்சி இன்னும் அளவுக்குள் இருந்ததால் அதை விட்டுவிட்டோம்.

டேங்கும் ஏர்பாக்ஸும் வெளியே இருந்த அந்த நேரத்தில் செய்தவை: பிளக், ஏர் ஃபில்டர், கூலன்ட் ஹோஸ்கள் அனைத்தும், தெர்மோஸ்டாட், பெட்ரோல் ஹோஸ், த்ராட்டில் பாடிக்கும் ஹெட்டுக்கும் இடையிலான ரப்பர், ரெகுலேட்டர் கனெக்டர், எர்த் முனைகள். ஹோஸ்கள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கு இல்லை, ஆண்டுக் கணக்குதான். மறுபடி இவ்வளவு தூரம் திறக்கப்போவது 40,000 கி.மீ.க்குப் பிறகு. பாகத்தை விடக் கழற்றும் உழைப்பு பெரிதாக இருக்கும் இடத்தில், சந்தேகத்தின் பலனைப் புதிய பாகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.

த்ராட்டில் பாடி சமன் செய்வது கடைசி. வால்வு இடைவெளி மாறினால் ஒவ்வொரு சிலிண்டரும் இழுக்கும் வெற்றிடமும் மாறும். முன்பே செய்தால் வீண். சார்ஜிங் 14.1 வோல்ட். ஐடில் சீரானது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மூன்றாவது சிலிண்டரில் மறுபடி லீக்-டவுன் பார்த்ததில் 10. வால்வின் முகம் கொஞ்சம் தீய்ந்திருக்கும், ஆனால் ஹெட்டைத் தூக்க வேண்டிய நிலை இல்லை.

முன்பகுதி

இதில் புதிர் ஏதும் இல்லை. ஸ்டீரிங்கில் பந்து பேரிங்குக்குப் பதிலாக டேப்பர் ரோலர் பேரிங். கொஞ்சம் ஓடியதும் படிந்து தளரும் என்பதால் மறுபடி இறுக்கம் பார்த்தோம். ஃபோர்க்கில் வந்த ஆயில் கரும்சாம்பல் நிறம். புஷ்ஷின் டெஃப்லான் பூச்சு தேய்ந்து வெண்கலம் எட்டிப் பார்த்தது. புஷ், சீல், ஆயில் மாற்றம். சக்கர பேரிங்குகளும் கூடவே.

பிரேக்கில் மட்டும் ஒரு வார்த்தை அதிகம் சொல்ல வேண்டும். ஹோஸ்கள் வண்டியோடு வந்தவை, பதினாறு வயது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது யமஹா. பெரும்பாலோர் அந்த வரியைப் படிப்பதில்லை. டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. நீண்ட இறக்கத்தில் கனமான வண்டியைப் பிடிக்கும்போது இந்த வித்தியாசம்தான் லீவர் கைப்பிடியைத் தொடுவதா இல்லையா என்று முடிவு செய்யும். காலிபர்களைத் திறந்து சீல் மாற்றியதில் ஒரு பிஸ்டன் பாதி ஒட்டியிருந்தது தெரிந்தது. ஏபிஎஸ் பம்புக்குள் தங்கிவிடும் பழைய திரவத்தை வெளியேற்ற, கையேடு சொல்லும் வரிசையிலேயே காற்றெடுக்க வேண்டும். இந்த இடத்தில் சொந்தக் கற்பனை கூடாது.

தொடாமல் விட்டவை

வண்டிக்காரரின் பட்டியலில் கிளட்ச் பிளேட் இருந்தது. டாப் கியரில் நடுத்தர ஆர்பிஎம்மில் முழு த்ராட்டில் கொடுத்துப் பார்த்தோம்; ஆர்பிஎம் தனியாக ஏறவில்லை, வேகத்தோடு சேர்ந்தே ஏறியது. கிளட்ச் நலம். "இவ்வளவு ஓடிருக்கே, எதுக்கும் மாத்திடலாமே" என்றார். கிளட்ச் கவர் தனியாகத் திறக்கும் இடம்; எப்போது வேண்டுமானாலும் ஒரு மதியத்தில் முடியும் வேலை, வேறு எந்த வேலையோடும் சேராது. இப்போது செய்வதால் மிச்சமாவது ஒன்றுமில்லை. கியர்பாக்ஸுக்கும் இன்ஜின் கீழ்ப்பகுதிக்கும் அதே பதில். அவற்றுக்காக ஆயில் மாற்றும்போது ஒரு மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பச் சொன்னேன். இரும்பு, செம்பு, ஈயம், சிலிக்கான் அளவுகள் வரும். ஒரு மாதிரியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. இரண்டு மூன்று சேர்ந்தால்தான் ஏறுகிறதா, நிலையாக இருக்கிறதா என்று தெரியும். செம்பும் ஈயமும் சேர்ந்து ஏறினால் பிளெய்ன் பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். சிலிக்கான் ஏறினால் முதலில் ஏர் ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் விதத்தை.

வாட்டர் பம்ப் கொஞ்சம் விவாதத்துக்கு உள்ளானது. அதன் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே இருக்கும் சீல் கசியத் தொடங்கினால் கூலன்ட் அந்த வழியாக வெளியே வந்து எச்சரிக்கும். கூலன்ட் வடித்தபோது துளை காய்ந்திருந்தது, அச்சிலும் ஆட்டம் இல்லை. விட்டுவிட்டோம். பயணத்துக்கு முந்தைய ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தின் முடிவில் துளையைச் சுற்றிப் பச்சை நிறத்தில் ஒரு காய்ந்த கறை. ரிசர்வ் டேங்கில் அளவு குறையவில்லை. புது ஹோஸ்களும் புது தெர்மோஸ்டாட்டும் வந்து அழுத்தம் சரியானதும் பழைய சீல் தன் வயதைக் காட்டியிருக்கலாம். சொட்டாகாத வரை ஓட்டலாம் என்பது என் கருத்து. வண்டிக்காரர் ஒப்பவில்லை. சீல் செட்டும் ஓ-ரிங்கும் வரவழைத்துவிட்டார். பம்ப் வெளிப்பக்கமாகவே கழலும் இடத்தில் இருப்பதால், புறப்படுவதற்கு முன்பே மாற்றிவிடுவது என்று அந்த வரியைப் பட்டியலில் மறுபடி சேர்த்திருக்கிறார். ஷிம் அளவுகள் எழுதிய படத்தின் நகல் இப்போது சீட்டுக்கு அடியில், கருவிப்பையோடு இருக்கிறது.